நாற்காலிக்கு ஒரு ஆம்பளை

பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்தால் அது தண்டனை, டைல்ஸ் தொழிலில் அதுதான் பிழைப்பு.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் சிமெண்ட் போர்டு அடித்து, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுகிறவள் நான். இப்போதெல்லாம் மொட்டை மாடி அறை, கடலோரக் காட்டேஜ் என்று பாதிக் கட்டடம் இரும்புச் சட்டத்தில்தான் நிற்கிறது. செங்கல் சுவரே கிடையாது. அந்தச் சட்டத்தில் பிளைவுட்டை அடித்து டைல்ஸ் ஒட்டினால், ஒரு மழைக்காலம் போதும், பலகை ஊதி டைல்ஸ் பொத்துப் பொத்தென்று விழும். அதனால் முதலில் சிமெண்ட் போர்டு, அப்புறம் பசை, அப்புறம் டைல்ஸ்.

ஒருத்தர் வேலை செய்ய இன்னொருத்தர் கும்பிடு வாங்குகிற இடத்தில் காலம் தள்ளுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. சேர்ந்து திட்டலாம்.

ஒரு வாளித் தண்ணீர்

செங்கல்பட்டில் ஒரு வீட்டு மாடியில் புதுக் குளியலறை. வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எங்கள் வேலையை மேற்பார்வையிடுவதே அவருடைய முழுநேர வேலையாகிவிட்டது. நான் ஒரு பக்கச் சுவருக்குப் போர்டு அடித்து முடித்திருந்தேன். வந்தார், தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். "இன்னாம்மா, அட்டையாட்டம் கீது? இதும்மேலயா டைல்ஸ் ஒட்டப் போற?" என்றார். அட்டை இல்லை சார், சிமெண்ட், தண்ணீர் பட்டால் ஊதாது என்று சொன்னேன்.

சொன்னால் நம்ப வேண்டுமே. கீழே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து சுவரைப் பார்த்து வீசினார். சுவருக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. புடவை, புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டை, தலை எல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டன. போர்டு அப்படியே இருந்தது. திரும்பவும் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பரவால்ல, தாங்குது. சரி, மேஸ்திரி எப்ப வருவாரு?"

உட்காரும் உத்தியோகம்

அவர் கேட்ட மேஸ்திரி என் வீட்டுக்காரர் ஏழுமலை, அன்றைக்கு அவர் வரத் தாமதமாகிவிட்டது. நான் அவரிடம் சித்தாளாக வந்தவள். போர்டைத் தூக்கிக் கொடுத்து, பசை கலக்கிக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பல வருஷம் தரையிலேயே கிடந்ததில் அவர் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. முட்டி போடவே கூடாது, படி ஏறுவதையும் குறைக்கணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நீ வூட்ல இரு மாமா, வேலையை நான் பாத்துக்கறேன்" என்றேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான். அவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், நான் தனியாகப் போய் வேலை செய்து வர வேண்டும்.

நடக்கிற கதையா? நான் தனியாகப் போன இடத்திலெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பொம்பளை சாகிற வரைக்கும் சித்தாள்தான். செங்கல் சுமக்கலாம், கலவை தூக்கலாம், மேஸ்திரி கரண்டியை மட்டும் தொடக்கூடாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்த வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, அவரை உட்கார வைத்துவிட்டு, எல்லா வேலையையும் நான் செய்வேன். முதலில் கூச்சப்பட்டார். "எனக்கு வெக்கமா கீதுமே" என்பார். அப்புறம் பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டது என்றால், ஒரு மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு தூங்கியே போனார். நான் மிஷின் போட்டுப் போர்டு அறுத்துக்கொண்டிருந்தேன், முகமெல்லாம் வெள்ளைத் தூசி. அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து என்னைத்தான் அதட்டினார். "சத்தம் போடாதம்மா, மேஸ்திரி கண்ண மூடி கணக்கு போட்டுக்கினு கீறாரு!"

இடைவெளி

மாமல்லபுரம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் காட்டேஜ் வேலை. அங்கே ஒரு சூப்பர்வைசர், சின்ன வயசுதான், கையில் எப்போதும் போன். போர்டுக்கும் போர்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, வலை டேப் ஒட்டிப் பசை பூசுவது எங்கள் வழக்கம். அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஏன் கேப்பு விடற? வேலை தெரியாதா? ஒட்டி ஒட்டி அடி" என்று கத்தினார். வெயிலுக்கும் ஈரத்துக்கும் கட்டடம் கொஞ்சம் அசையும் சார், ஒட்டி ஒட்டி அடித்தால் டைல்ஸ் விரிசல் விடும் என்றேன். கொசு பாடுகிற மாதிரிகூட அது அவர் காதில் விழவில்லை.

நேராக நாற்காலிக்குப் போனார். "மேஸ்திரி, இது ஏன் கேப்பு?" என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் சொன்னதையே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சூப்பர்வைசர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது எனக்கு அறிவுரை வேறு. "கேட்டுக்கிட்டியாம்மா? வேலை தெரிஞ்சவங்க சொல்லும்போது கவனமா கேட்டுக்கணும்."

சாமி அறை

திருக்கழுக்குன்றத்தில் ஒரு குடும்பம். கூடத்து மூலையில் போர்டு தடுப்பு அடித்து, உள்ளே சாமி அறை, சுவர் முழுக்க டைல்ஸ். நல்ல மனுஷர்தான் அந்த வீட்டுக்காரர். காபி கொடுத்தார், உட்காரச் சொன்னார், என்னையும் "வாம்மா" என்றுதான் கூப்பிட்டார். போர்டு அடிக்கிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. டைல்ஸ் எடுக்கும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா. சாமி ரூமு. அடி வரிசை மட்டும் ஆம்பள கையால போட்டா நல்லாருக்கும்."

அடி வரிசை என்றால் தரையோடு தரை. முட்டி போடாமல் முடியாது. அவருக்கு முட்டி சரியில்லை சார், டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று நான் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "உடுமே, ஒரு வரிசதானே" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்குச் சாமிமேல் கோபமா, அந்த மனுஷர்மேல் கோபமா, இவர்மேல் கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போட்டார். அழகாகத்தான் போட்டார், கை மறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸாக நகர்ந்தார், கழுத்தெல்லாம் வியர்வை. முடித்துவிட்டு எழ முயன்றபோது கால் வரவில்லை. தரையிலேயே சாய்ந்துவிட்டார். நான் ஒரு பக்கம், அந்த வீட்டுக்காரர் ஒரு பக்கம் கைகொடுத்துத் தூக்கினோம். தூக்கும்போதே அந்த மனுஷர் அடி வரிசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியாம்மா, சாமி காரியம்னா உடம்பே ஒத்துழைக்குது!"

கூடுவாஞ்சேரி அம்மா

அன்றைக்கு வீங்கிய முட்டி அதற்கப்புறம் வாசல்படியைக்கூடத் தாண்ட விடவில்லை. நாற்காலிக்கு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் மறுபடி தனியாகக் கிளம்பினேன். கூடுவாஞ்சேரியில் ஒரு அபார்ட்மெண்ட். வீட்டுக்காரம்மா தினமும் ரயிலேறி ஆபீஸ் போகிறவர். வீட்டையே அவர்தான் தாங்குகிறார் என்று பேச்சிலேயே தெரிந்தது. பொம்பளை கஷ்டம் பொம்பளைக்குத் தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

போனில் இருந்த படங்களையெல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். "இதெல்லாம் நீங்களே பண்ணதா? சூப்பரா இருக்குங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே வரட்டுமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டார். "நீங்க நல்லாதான் செய்வீங்க, எனக்குத் தெரியுது. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைக் கேக்கறது?"

கோவளத்து வாட்ச்மேன்

கோவளத்தில் ஒரு கடற்கரை பங்களா. முதலாளி சென்னையில் இருக்கிறவர், சனி ஞாயிறு மட்டும் வருவார். குளியலறையில் யாரோ பிளைவுட்மேல் ஒட்டிவிட்டுப் போன டைல்ஸ் எல்லாம் கழன்று விழுந்துகொண்டிருந்தன. போனில் பேசினேன். தனியாகத்தான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "சரிம்மா, ஆனா ஒரு ஆம்பள பக்கத்துல இருக்கணும். நம்ம வாட்ச்மேன் பாஸ்கர உக்கார வச்சிக்கோ" என்றார். போர்டைப் பற்றி அந்த வாட்ச்மேனுக்கு என்ன தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, வேலை கிடைத்தால் போதும் என்று நானும் கேட்கவில்லை.

பாஸ்கர் தங்கமான மனுஷன்தான். மீன் பிடிக்கப் படகுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது வாட்ச்மேன். முதல் நாள் நாற்காலி விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கு இதெல்லாம் இன்னா தெரியுங்க்கா" என்று கூச்சப்பட்டார். மத்தியானம் அவர் வீட்டு மீன் குழம்பைக் கொடுத்தார். மறுநாள், போர்டு ஏன் தரையைத் தொடாமல் தூக்கி நிற்கிறது என்று கேட்டார். தொட்டால் தண்ணீரை உறிஞ்சும் என்றேன். அதற்கு மறுநாள், இந்த ஸ்க்ரூ ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். உப்புக் காற்றுக்குச் சாதா ஸ்க்ரூ துருப்பிடித்துவிடும் என்றேன். யாராவது நம்மைக் கேட்கிறார்களே என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை முடிகிற சமயத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, அங்க கொஞ்சம் கேப்பு வுடு" என்று எனக்கே சொல்ல ஆரம்பித்திருந்தார். நான் சிரித்தேன். அப்போது சிரிப்புதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி தன் நண்பரோடு வந்தார். நண்பருக்கும் பக்கத்திலேயே ஒரு பங்களா உண்டு. இருவரும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்து வாளியும் கரண்டியும் கழுவிக்கொண்டிருந்தேன். யார் செய்தது என்று நண்பர் கேட்டார். முதலாளி பெருமையாகப் பாஸ்கர் தோளில் கை போட்டார். "நம்ம பாஸ்கர்தான் கூடவே இருந்து முடிச்சான். இவன் நம்பர வாங்கிக்கோ."

ஒரு போன்

கொஞ்ச நாள் கழித்துப் பாஸ்கர் கூப்பிட்டார். குரலிலேயே ஒரு தெம்பு. "அக்கா, சார் ஃபிரண்டு வூட்ல நாலு பாத்ரூமு. நான் பேசி முட்ச்சிட்டேன். மேஸ்திரின்னு என் பேர சொல்லிக்கீறேன், நீ ஒண்ணும் கண்டுக்காத. வந்து போர்டு அடிச்சிக் குடு, சித்தாளா சேத்துக்கறேன்." போனை வைத்துவிட்டேன். வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் சத்தம் வரக் கழுவினேன். நேற்று வரைக்கும் கேட்டைத் திறந்து மூடியவனுக்கு நான் சித்தாளா, என் வாயிலிருந்து கற்றுக்கொண்டு எனக்கே வேலை கொடுக்கிறானா என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் தலையணைமேல் காலை நீட்டிப் படுத்திருந்தார். முட்டி வீக்கம் அப்போதுதான் வடிய ஆரம்பித்திருந்தது. நான் கத்தி முடித்ததும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நான் சும்மா உக்காந்துகினு மேஸ்திரின்னு பேரு வாங்குனப்ப ஒரு நாளாவது இப்டி கத்துனியா நீ?"

இப்போது நான் ஆசைப்பட்டபடியே அவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார், கடற்கரைப் பக்கம் பாஸ்கர் மேஸ்திரிக்கு நல்ல பெயர், அவரிடமே சித்தாளாகப் போகிற எனக்குத்தான் அந்தப் பெயருக்குக் கெடுதல் வராமல் பார்த்துப் பார்த்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.