மூவாயிரத்து அறுநூறு இசைத்தட்டுகளின் எடை

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் ஒன்றும் தூக்கலாக இல்லை. பல்செட் செய்வது அவள் தொழில். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, பல் பல்லாக அடுக்கி, ஊர்ப்பட்ட பேரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. ஒரு பல் மயிரிழை உயர்ந்தாலும் கடிக்கும்போது தெரிந்துவிடும் என்பதால் கை நிதானம். மனசுதான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதிப் படியில் நின்று யோசித்துத் திரும்ப ஏறுகிற ரகம்.

ஜாஸ் அவளிடம் வந்ததும் ஒரு பல்செட் வழியாகத்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு ஹோட்டலில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு மேல்வரிசை முழுக்கப் போய்விட்டது. வாத்தியத்தின் முனை மேல்பல்லில் அழுந்த வேண்டும். பல் ஆடினால் பிழைப்பு போச்சு. நான்கு முறை திருத்தியும் சரிவராமல், ஐந்தாம் முறை அவர் வாத்தியத்தையே தூக்கிக்கொண்டு வந்து, பட்டறை நடுவில் நின்று ஊதிப் பார்த்தார். பாட்டு எங்கே போகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. இதோ விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று இருந்தது, விழவில்லை. பல்லும் விழவில்லை. சந்தோஷத்தில் அவர் ஒரு பெரிய கறுப்பு இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கேட்பதற்காகத்தான் அவள் முதல் ரெக்கார்ட் பிளேயரையே தேடி வாங்கினாள்.

விட்டகுறை தொட்டகுறை என்பார்களே, அப்படி ஒட்டிக்கொண்டது. மூடப்போகிற கடைகள், காலி செய்கிற வீடுகள், பழைய புத்தகக்காரர்கள் என்று எங்கே ஜாஸ் தட்டு இருந்தாலும் அவள் போய் நிற்பாள். மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் ஒரு சுவர் முழுக்க மர அலமாரி அடித்தாள். இருபத்துநான்கு கட்டம்.

அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் ஓட்டிவிட்டு வருகிறவர். "வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி இருக்கு. இருந்தாலும் என் பஸ்ஸுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தள்ளி, முள்ளை இறக்குவாள். ட்ரம்பெட்காரர் ஊதுவதற்கு முன் மூச்சிழுக்கிற சத்தம், எந்த ஊரிலோ கச்சேரிக்கு வந்த யாரோ ஒருவர் இருமுவது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த இருமல்காரர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கீழ்வீட்டுத் தையல்காரப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள். அவள் வீடு சரியாக இவர்கள் வீட்டுக்குக் கீழே, இரண்டாம் மாடியில். குழந்தை பிறந்து ஐந்து மாதம்.

"அக்கா, உங்க வீட்ல தண்ணி எதாச்சும் ஒழுகுதா? எங்க முன்ரூம் சீலிங்ல ஒரு கோடு விழுந்திருக்கு. பாருங்க."

போனை நீட்டினாள். வெள்ளை மேற்கூரையில் கறுப்பாக ஒரு கீறல், சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக ஓடியது. படத்தின் கீழ் ஓரத்தில் குழந்தையின் மரக்கட்டில் தெரிந்தது.

எந்தச் சுவர் என்று பல்லக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் கண் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

"தண்ணியா? இல்லையே" என்றாள். பொய் இல்லை. தண்ணீர் ஒழுகவில்லைதான்.

"பழைய கட்டடம் இல்லையா, சுண்ணாம்பு உரியுது போல" என்று அந்தப் பெண்ணே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை, புருஷன் பஸ் எடுக்கப் போனதும், சமையலறைத் தராசைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தாள். பத்துத் தட்டு, உறையோடு, இரண்டு கிலோ நானூறு. ஒரு கட்டத்தில் நூற்றைம்பது. கணக்கைக் காகிதத்தில் போட்டாள். நம்பாமல் இன்னொரு தடவை போட்டாள். எண்ணூற்று அறுபத்துநான்கு கிலோ, அலமாரி மரத்தைச் சேர்க்காமல். இருபத்தைந்து வருடமாக ஒவ்வொன்றாக, பையில் போட்டு, இறகு மாதிரி தூக்கி வந்தது.

புருஷனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அடேங்கப்பா! செவுத்தோரமா ஒரு காரை நிறுத்தி வெச்சிருக்கோம்னு சொல்லு." சொல்லி முடித்ததும் அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அவள் முன்னறையில் பூனை மாதிரி நடந்தாள். புதன்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல், தைரியத்துக்காக, பழைய தட்டு ஒன்றைப் போட்டாள். ரொம்ப ஓடிய தட்டு. கடுகு வெடிப்பது போல் சடசடக்கும். ஒரு பியானோ, கனத்த தந்தியில் உறுமும் ஒரு பேஸ், அடியில் அந்தச் சடசடப்பு. பாதியில் அவளுக்கு ஏதோ உறுத்தியது. எழுந்து முள்ளைத் தூக்கினாள். பியானோ நின்றது. பேஸ் நின்றது.

டிக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிக், டிக். அலமாரியின் காலடியில் இருந்து.

அவள் ஓடவில்லை. தரை இப்போது போகும், இப்போது போகும் என்று நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து சமையலறைக்குப் போனாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தட்டுகளை எடுக்கச் சொல்வார்கள், வீட்டுக்காரர் வருவார், கட்டடமே கூடி நின்று, ஒரு பொம்பளை கிறுக்குப் பிடித்துப் பாட்டுத் தட்டு சேர்த்து வீட்டை இடிக்கப் பார்த்தாள் என்று பேசும். ஒருவேளை அது சுண்ணாம்புதானோ? அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வழி தெரியும். பல் அச்சுக்கு ஊற்றுகிற கெட்டி பிளாஸ்டர் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். வளையாது, இழுபடாது; அடியில் மயிரிழை நகர்ந்தாலும் உடையும். வியாழக்கிழமை ஒரு டப்பாவில் அதை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

"வேலை செய்யற இடத்துல மீந்துச்சு. அந்தக் கோட்டுல பூசி விட்டுடறேன்மா."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்!" என்று தையல்காரப் பெண் ஸ்டூல் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். பல்லக்கா விரல் அகலத்தில், கீறலுக்குக் குறுக்காக, மூன்று இடத்தில் பட்டை போட்டாள். கீழே குழந்தை மல்லாந்து கிடந்து, இவளையே பார்த்துக் காலை உதைத்தது.

"கட்டிலை அந்தப் பக்கம் போட்டா காத்து நல்லா வரும்ல?" என்றாள், குரல் சாதாரணமாக வர வேண்டுமே என்று.

"ஃபேன் இங்கதானேக்கா இருக்கு."

ஸ்டூலில் இருந்து இறங்கி, கையைக் கழுவி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள். அந்த டீ அவளுக்கு இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை அவள் வேலையில் ஒரு கீழ்வரிசையைத் தலைகீழாக அடுக்கினாள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை காலை, காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று மறுபடி கீழே போனாள். தூரத்திலிருந்து பார்க்கும்போது பட்டைகள் முழுசாகத்தான் இருந்தன. ஸ்டூலில் ஏறினாள். மூன்று பட்டையும் நடுவில் பிளந்திருந்தன. நடுப்பட்டையின் பிளவில் அவள் நகம் நுழைந்தது.

"புள்ளையத் தூக்கு" என்றாள்.

"என்னக்கா?"

"முதல்ல புள்ளையத் தூக்கும்மா! இந்த ரூம்ல இருக்காத. வெளிய வா."

மாடிப்படியில் நின்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். தராசு, எடை, டிக் டிக் சத்தம், எதையும் விடவில்லை. தையல்காரப் பெண் குழந்தையின் தலையை மார்போடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு நீங்க பூசினது?"

"அடைக்கறதுக்கு இல்லம்மா. நகருதான்னு பாக்கறதுக்கு."

"என் புள்ளையக் கீழ படுக்க வெச்சுட்டு, ரெண்டு நாளா பாத்துட்டு இருந்தீங்களா?"

அந்தப் பெண் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

புருஷன் போய்ப் பள்ளிக்கூட பஸ்ஸைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். லீவு நாளில் வண்டியை எடுக்கக் கூடாது என்பது விதி. "வேலை போனா போகட்டும், வீடு இருக்கணும்ல" என்றார். மாடிப்படி நெடுக அக்கம்பக்கத்தார் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். அலமாரியைக் காலி செய்ய ஒருவர் உள்ளே போக வேண்டும். அது நான்தான் என்று பல்லக்கா சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவை குனியும்போதும் காலடித் தரையைத்தான் கேட்டாள். தட்டுகளின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளைகளின் சீட்டெல்லாம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் சாய்த்து அடுக்கி, விழாமல் இருக்க பெல்ட் போட்டிருந்தார் டிரைவர். "இதுவரைக்கும் சத்தம் போடாம உக்காந்த ஒரே கூட்டம் இதுதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், மேலே எந்தப் பாரமும் இல்லாதபோது, கீழ்வீட்டு மேற்கூரையிலிருந்து ஒரு கதவு அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. மரக்கட்டிலின் ஒரு பக்கம் சிம்பு சிம்பாகப் போயிற்று.

பார்க்க வந்த இன்ஜினியர் துருப்பிடித்து உப்பிய கம்பியைக் காட்டினார். எப்போதோ கசிந்த பழைய குழாயின் வேலை.

"எங்க ரெக்கார்டுங்க இல்லாம இருந்தா விழுந்திருக்காதா சார்?"

"விழுந்திருக்கும்மா. ஒரு பத்து வருஷம் கழிச்சு விழுந்திருக்கும்."

பாதி ஆறுதல் என்று புருஷன் சொன்னார். எந்தப் பாதி என்று அவள் கேட்கவில்லை.

கட்டடத்துக்கு இரும்பு உத்தரம் கொடுத்துச் சரிசெய்ய நான்கு மாதம் ஆயிற்று. தட்டுகள் அவள் வேலை செய்யும் பட்டறைக்குப் பின்னால் இருந்த தரைமட்ட அறைக்குப் போயின. பிளேயரையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கண் மேலேதான் போகும்.

தையல்காரப் பெண் திரும்பி வந்தாள். படியில் எதிரே வந்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அக்கா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம்.

ஒரு நாள் சாயங்காலம் அவளே அந்த அறை வாசலில் வந்து நின்றாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருந்தது. கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போடுங்க" என்றாள். "என்னதான் இருக்குன்னு கேக்கறேன்."

எதைப் போடுவது? கைக்கு வந்ததைப் போட்டாள். ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடம், அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் கேட்டாள். குழந்தை அட்டைப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. முள் கடைசி வளையத்தில் போய் நின்றது.

"இதுக்காகவாக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பல்லக்கா யோசித்து யோசித்துப் பார்த்தாள். எழுந்து தட்டைத் திருப்பி, அடுத்த பக்கத்தைப் போட்டாள்.