தங்கரத்தினம் யாருக்கும் எழுதாத கிழமை

இல்லை, நிருஜா தாயைத் துரத்தவில்லை. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு கிழவியைத் தெருவில் விட்டுவிட்டாள் என்று குச்சவெளி பஸ்ஸில் இருந்து சல்லிக் கோயில் வாசல் வரைக்கும் கதை நடக்கிறது. புஸ்பராணி சல்லியில் என் வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"உங்கட மச்சாள் உங்களோட வந்து இருக்கிறாவாம். மருமகன் கை நீட்டினவனோ?"

"நீட்டியிருந்தா நான் இஞ்ச குந்தியிருந்து மீன் வெட்டுவனோ? இரு. முழுக்கக் கேட்டுப்போட்டுப் போ. பிறகு பிழையாச் சொன்னா உன்னைத்தான் பிடிப்பன்."

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

தங்கரத்தினம் என் தம்பி கோணாமலையின் பெண்சாதி, நிருஜாவின் தாய். நிலாவெளியில் அவளுக்குத் தாய் தந்த சீதன வீடு. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். தம்பியும் அப்படித்தான் போனான். அந்த வீடு ஒருதரம் சண்டையில் எரிந்தது. இன்னொருதரம் கடல் வந்து சுவரைக் கொண்டுபோனது. இரண்டு தரமும் முகாமில் கிடந்து திரும்பி வந்து, கருவாடு காயப்போட்டு விற்று, கல்லுக் கல்லாக எழுப்பினவள் அவள். "இனி இந்த வாசல் படலையைத் தாண்டி என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேணும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள். அப்படிப்பட்டவள் ஏன் வீட்டை விட்டு வெளிக்கிட்டாள் என்றுதான் ஊர் யோசித்திருக்க வேண்டும்.

தம்பி கரைவலைச் சம்மாட்டி; வலை அவனுடையது, இழுக்கிறவர்கள் அவனின் ஆட்கள். கடற்கரையில் அவனுக்கு ஓலைக் கொட்டிலாக ஒரு வாடி இருந்தது. வலையும் கயிறும் அதற்குள்தான் கிடக்கும். பக்கத்தில் ஹோட்டல் கட்டினவர்களுக்கு அந்த வாடி கண்ணில் குத்தியது. வாடியை எடுத்தால் வருடத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், கடல் பார்த்த அறை உங்களுக்குத்தான், உங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு, அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்கு என்றார்கள். தம்பிக்கு அது உடனே விளங்கியது. விளங்கியதுதான் பிழை.

எங்கள் கரையில் வலை போட முறை இருக்கிறது. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு மற்றவர். தகப்பனின் முறை மகனுக்கோ மருமகனுக்கோ வரும். உன் முறை வருகிற நாள் நீ கரைக்குப் போகாவிட்டால் அடுத்தவன் வலையை ஏற்றுவான். ஏன் வரவில்லை என்று ஒருவரும் உன்னிடம் தண்டம் கேட்பதில்லை. ஆனால் முறையை விடுகிறவன் அந்த நேரம் கரையில் நிற்கக் கூடாது. நின்றால் கயிற்றைக் கையில் தந்துவிடுவார்கள். பிடித்தால் அவன் முறைதான், அன்றைய செலவும் அவன் தலையில்தான்.

ஹோட்டல்காரர் சொன்னதையும் அவன் அப்படித்தான் எடுத்தான். "போனாப் போறம், போகாட்டி வேற ஆள் போய்ப் படுக்கட்டும்" என்று என்னிடம் வந்து சிரித்தான். சொத்தென்றால் பெண்ணின் பெயரில்தானே இருக்க வேண்டும் என்று, பெருமையாகத் தங்கரத்தினத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையெழுத்தும் வைக்கப் பண்ணினான். என் தம்பியை மோடன் என்று சொல்ல விடமாட்டேன். கடலில் அவன் கணக்குப் பிழைத்ததே இல்லை.

போனாலும் போகாவிட்டாலும் அந்த அறைக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் இருக்கும் வரைக்கும் மீன் பட்டதில் கட்டினான். அவன் செத்த பிறகும் காசு கேட்டுக் கடிதம் வந்தது. திருப்பித் தருகிறேன் என்று தங்கரத்தினம் நடையாய் நடந்தாள். திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை என்றார்கள். கோயிலுக்குக் கொடுக்கப் போனாள். "அம்மனுக்கு ஹோட்டலில என்ன வேலை, பிள்ளை?" என்று தலைவர் கும்பிட்டு அனுப்பினார். கிண்ணியாவில் இருந்து மீனுக்கு வருகிற நௌபரிடமும் சும்மா தருகிறேன் என்றாள். "சும்மா தாற சாமானுக்கு நீங்க ஏன் அக்கா இவ்வளவு கெஞ்சுறீங்க?" என்று அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார்.

போன வருடம் அவளுக்கு நெஞ்சு நோவு வந்தது. வீட்டை மகளின் பெயரில் எழுதிவிட வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு றுவைஸ் பொறுமையான மனிதர். நிருஜாவும் மருமகன் சுலக்சனும் வந்திருந்தார்கள்.

"ஹோட்டல் கிழமையையும் சேர்த்து எழுதுங்கோ, சேர்," என்றான் அவன். "பிள்ளையளுக்கு நீச்சல் குளம் இருக்கு. மாமா விட்டுப்போன சொத்து."

"சேர்த்தா அதின்ர கட்டணமும் சேர்ந்துதான் வரும், தம்பி."

"சேர்க்காட்டி?" என்று தங்கரத்தினம் கேட்டாள்.

"எழுதாம விட்டாலும், உங்கட காலத்துக்குப் பிறகு, நீங்க மௌத்தானா, மகளிட்டத்தான் வந்து நிப்பாங்க. மகள் எனக்கு வேணாம் எண்டு சொல்லலாம். ஆனா வீடும் அந்த நேரம் உங்கட பெயரில இருந்தா, அதை மட்டும் எடுத்துக்கொண்டு இதைத் தள்ளுறது லேசில்ல."

"அப்ப வீட்டை இப்பவே குடுத்திட்டா?"

"குடுக்கலாம். நீங்க சீவிய காலம் இருக்கிறதுக்கு உரிமையை வச்சுக்கொண்டு எழுதுவம்."

"அது என்ர பெயரில நிக்குமோ?"

"ஓம், அம்மா."

"எண்டா அதுவும் வேண்டாம். என்ர பெயரில வேற ஒண்டும் நிக்கக் கூடாது. கிழமை மட்டும் என்னோட கிடந்து என்னோடயே முடியட்டும்."

நான் மேசைக்குக் கீழே அவளின் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அப்படியே எழுதி முடித்து எழுந்து வரும்போது றுவைஸ் நிருஜாவிடம் ஒன்று சொல்லி விட்டார்: "அந்த அறையில நீங்க ஒருநாளும் போய்த் தங்காதீங்க. காசும் கட்டாதீங்க. பிறகு வேணாம் எண்டு சொல்லுறது கஷ்டம்."

சுலக்சன் கெட்டவன் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். பிள்ளைகளை ஒருநாள் நல்ல இடத்தில் படுக்க வைக்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான். ஹோட்டலில் இருந்து ஒரு பொடியன் போன் எடுத்து, நிருஜாவின் பெயரையும் சேர்த்தால் இந்த வருடம் கட்டத் தேவையில்லை, வானும் அனுப்புகிறோம் என்றதும் மாமிக்குச் சொல்லாமல் ஓம் என்றுவிட்டான். ஒன்றுதான் நிபந்தனை. பெயருக்கு உரியவர் அடையாள அட்டையோடு வர வேண்டும். தங்கரத்தினம் போகாமல் அறையும் திறபடாது, பெயரும் சேராது.

வான் வந்து படலையில் நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பேரப்பிள்ளைகள் நீந்துகிற காற்சட்டையோடு வானுக்குள் ஏறியாயிற்று. வானோடு வந்த ஹோட்டல் பொடியன் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"பாட்டி, ஒரு கையெழுத்து. ரெண்டு நாள் இருந்து பாருங்கோ, பிறகு வீட்டுக்கு வரவே மனம் வராது."

"மாமி, பிள்ளையள் ஆசையா இருக்குதுகள்," என்றான் சுலக்சன். நிருஜா குசினி வாசலில் நின்று அழுதாள். புருசனைப் பேசவும் ஏலாது, தாயைத் தடுக்கவும் ஏலாது. இதெல்லாம் நிருஜாவின் வாயால் நான் கேட்டதுதான்.

தங்கரத்தினம் உள்ளே போனாள். வானில் வர வெளிக்கிடப் போகிறாள் என்று சுலக்சன் நினைத்தான். அலுமாரியில் இருந்து அடையாள அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு சேலையை ஒரு பையில் வைத்தாள். வந்து, வானைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தாள்.

"அம்மா, எங்க போறீங்கள்?"

"சல்லிக்கு. மச்சாளிட்ட."

"எப்ப வருவீங்கள்?"

"நான் இஞ்ச நிண்டா அடுத்த வருசமும் வான் வரும், பிள்ளை. கரையில நிண்டா கயித்தைத் தந்திடுவாங்கள். என்ர கையில தாறதை நீ பிடிக்க வேண்டி வரும்."

"இது உங்கட வீடம்மா."

"இல்லை, உன்ர வீடு. எழுதியாச்சு."

கிழமை இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது. அவள் இருக்கும் வரைக்கும் இருக்கும். அதை நானும் மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் அவளை வெளியே போ என்று சொல்லவில்லை. அவள் தானாகத்தான் படலைக்கு வெளியே வந்தாள். வந்து, திரும்பி அதைச் சாத்தினாள். கொளுக்கி சரியாக விழுந்ததா என்று, எந்த நாளும் செய்கிற மாதிரி, ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.