எங்கள் டிவியில் செய்தி சொன்ன விசாரணை அக்கா

இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் டிவி கொண்டுவந்தவன் நான். இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் முதலில் ஒரு ஆன்டெனாக் கம்பத்தை மலை மேல் ஏற்றிக் காட்டட்டும், பிறகு பேசுவோம். நான் படித்தது அஞ்சாவது. அதையும் முழுசாகப் படிக்கவில்லை. பாதியில் ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்துவிட்டேன். என்னோடு படித்துப் பெரிய ஆளானவர்கள் எல்லாம், நகரத்து டிவி நம் பக்கம் ஏன் தெரியவில்லை என்பதற்கு மணிக்கணக்கில் காரணம் சொன்னார்கள். மலை மறைக்கிறது என்ற ஒரே காரணம்தான் எனக்குத் தெரியும். மறைக்கிற மலை மேலேயே கம்பத்தை நட்டேன். அதுவரை எறும்பு ஊர்ந்துகொண்டிருந்த திரையில் மனுஷ முகம் வந்தது. கம்பம் நட்ட கையோடு சும்மா இருக்க முடியுமா? அனுமதி வாங்கி, பஸ் ஸ்டாண்டு மாடியில் இரண்டு அறை பிடித்து, சொந்த நிலையமே ஆரம்பித்துவிட்டேன்.

என் கதையை எழுத இந்தத் தாள் போதாது. இது விசாரணை அக்காவின் கதை. ஆனால் என் நிலையத்தைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. காரணம், அவள் வேலைக்கு உலை வைத்ததே என் நிலையம்தான்.

எங்களிடம் ஒரே ஒரு கேமரா. அதை ஓட்ட ஒரே ஒரு மச்சான், என் மனைவியின் தம்பி. நல்லவன், உட்கார்ந்தால் தூங்குவான், நின்றாலும் சுவர் கிடைத்தால் தூங்குவான். மாலையில் ஒரு மணி நேரம் நிகழ்ச்சி. பகல் முழுக்கக் காட்ட ஒன்றும் கிடையாது. ஆனால் பகலில் படம் தெரியாவிட்டால் டிவிப் பெட்டி விற்கிற கடைக்காரர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? யோசித்தேன். கேமராவை ஜன்னலில் வைத்து, கீழே இருக்கிற பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் திருப்பி விட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பஸ் வரும், போகும். சத்தம் கிடையாது, வெறும் படம். நகரத்து ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் பக்கத்தில் அதைவிட அதிகமாகப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி இன்றுவரை வரவில்லை.

வெயிலில் வந்து காத்துக் கிடந்த சனம், வீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. தன் ஊருக்குப் போகிற பஸ், ஸ்டாண்டுக்குள் மூக்கை நுழைத்ததும் எழுந்து முகம் கழுவி, சட்டை மாட்டி, ரோட்டுக்கு வந்து நின்றால் பஸ் வந்துவிடும். கடன் கேட்க வருகிறவன் பஸ்ஸை விட்டு இறங்குவதை முன்னாலேயே பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

அந்தப் படத்தின் நட்டநடுவில் இருந்தது, பஸ் நேரம் கேட்கிற விசாரணை அறை. பலகையால் அடைத்த சின்னக் கூண்டு. முன்னால் கம்பி வலை போட்ட ஜன்னல், வலையின் அடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை, ஓட்டைக்குக் கீழே ஊர் முழங்கையெல்லாம் ஊன்றி ஊன்றி வழவழவென்று ஆன ஒரு பலகை. உள்ளே அவள். என்னைவிட வயதில் சின்னவள்தான், நான் தங்கச்சி முறை வைத்துத்தான் பேசுவேன். ஆனாலும் தலை நரைத்தவர்களுக்குக்கூட அவள் அக்காதான்.

அவள் பேச்சைத் தராசில் போட்டு நிறுத்துத்தான் கொடுப்பாள். பஸ் வருமா என்று கேட்டால், "கிளம்பிருச்சு." அவ்வளவுதான். எப்போது வந்து சேரும் என்று கேட்டால், "தெரியாது. தெரிஞ்சா சொல்றேன். அடுத்த ஆளு." ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி. இரண்டாவது கேள்வி இருந்தால் திரும்பவும் வரிசையில் நின்று வர வேண்டும். சொந்தத் தாய்மாமன் வந்து நலம் விசாரித்துவிட்டுப் பஸ் நேரம் கேட்டதற்கு, நலத்துக்கு மட்டும் பதில் சொல்லி அவரை வரிசைக் கடைசிக்கு அனுப்பினாள் என்று ஒரு கதை உண்டு. நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர்; வந்தால் வந்தார், இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் இருப்பது நடக்க முடியாத மாமியார். தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் மருமகள் கைதான். நான் பஸ் ஸ்டாண்டைக் காட்ட ஆரம்பித்ததில் இந்த மாமியாருக்குத்தான் கொள்ளை லாபம். கட்டிலில் படுத்தபடியே மருமகளைப் பகல் முழுக்க வேவு பார்த்தார். சாயங்காலம் அவள் வீட்டுப் படி ஏறும்போதே விசாரணை தொடங்கிவிடுமாம்.

"மத்தியானம் வெளிய வந்து ரெண்டு டீ குடிச்சியே. நான் போடச் சொன்னா மட்டும் பால் இல்லேங்கறே."

விசாரணை அக்காவையே விசாரித்த ஒரே ஆள் அவர்தான்.

இப்படியிருக்க, ஜன்னலில் கூட்டம் குறைந்தது. குறைந்தது என்ன, ஓய்ந்தே போனது. வீட்டில் உட்கார்ந்தே பஸ் தெரியும்போது அவளிடம் யார் வந்து கேட்பார்கள்? ஒருநாள் பஸ் கம்பெனி மேலாளர் வந்து எதிர்ப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தார். வந்தவர்களில் ஒருவன் தீப்பெட்டி கேட்டான், இன்னொருவர் குடையை மறந்துவிட்டேன் என்றார். மேலாளர் எழுந்து போய்விட்டார். மாசக் கடைசியோடு விசாரணை அறை மூடப்படும், அவள் டெப்போவுக்குப் போய்ப் பழைய டயருக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டெப்போ வேறு ஊரில். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. மாமியாரை யார் பார்ப்பது?

மறுநாள் அவள் என் மாடிக்கு வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நான் மட்டும்தான். ஆனாலும் வாசலில் வரிசையில் நிற்பதுபோலவே நின்றாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும்."

ஊரெல்லாம் அவளிடம் கேட்கும். அவள் வாய் திறந்து யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தக் கேமராவை வேற பக்கம் திருப்ப முடியுமா?"

அது எப்படி முடியும்? எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த படம் அது. மலையில் நான் கம்பம் ஏற்றிய கதையை அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன், ஏற்கெனவே கேட்டிருப்பாள் என்றாலும். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பேரு உங்களுக்குண்ணே. பொழப்பு எனக்கு."

படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் நான் சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்தேன். அவள் எங்கள் மாடி வராந்தாவில் என் ஜன்னலுக்கு நேராக, கம்பியில் தன் பெரிய கறுப்புக் குடையை விரித்துக் கட்டிவிட்டாள். என் மச்சான் கண்ணைத் திறந்து பார்த்தான். இருட்டாக இருந்தது. மழை வரப்போகிறது என்று முடிவுகட்டி மறுபடியும் தூங்கிவிட்டான். ஊர் ஊராக டிவியில் ஒரே கறுப்பு.

நான் திரும்பி வந்தபோது போன் அலறிக்கொண்டிருந்தது. எடுத்து வைத்தால் மறுபடி அலறும். பஸ் வந்துவிட்டதா என்று ஒருவர், போய்விட்டதா என்று ஒருவர், மருமகளுக்கு என்ன ஆச்சு என்று அக்காவின் மாமியார். எனக்கு மலை தெரியும், கம்பம் தெரியும். எந்தப் பஸ் எப்போது போகும் என்பது எனக்கெங்கே தெரியும்? கேட்டு வரலாம் என்று கீழே ஓடினேன். ஜன்னல் முன்னால் வரிசை தண்ணீர்க் குழாயைத் தாண்டி வளைந்து நின்றது. படம் தெரியாததால் சனமெல்லாம் பழையபடி நேரில் வந்துவிட்டது. நான் யார்? டிவிக்காரன். நேராக ஓட்டையில் தலையை விட்டேன்.

"வரிசையில வாங்கண்ணே."

நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் என்னிடம் ரேடியோ ரிப்பேருக்குக் கொடுத்தவன்; அது எப்போது கிடைக்கும் என்று அந்த நேரத்தில் கேட்டான். ஒருவழியாக என் முறை வந்தது. பஸ் வந்ததா என்று போனில் கேட்கிறார்களே, என்ன சொல்லட்டும் என்றேன்.

"எந்தப் பஸ்ஸு?"

அதை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"கேட்டுட்டு வாங்க. அடுத்த ஆளு."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என் டிவி சனத்துக்குக் காட்டியதெல்லாம் பஸ்ஸைத்தான். பதில் அவளிடம் இருந்தது. எங்கள் நிலையத்துக்குச் செய்தி சொல்ல ஆள் வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நகரத்திலிருந்து வந்த இரண்டு பேர் குரலைக் காட்டிவிட்டு, எங்கள் ஊர்களின் பெயரைக் கொலை செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியவன் கதைதான் என் கதை.

உத்தரவு மாறவில்லை. கூட்டம் திரும்ப வந்ததை மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுதினது எழுதினதுதான் என்றார். நான் அவளிடம் போய், டயரை விட்டுத்தள்ளு, என்னிடம் வா, பகலில் வீட்டில் மாமியாரைப் பார், சாயங்காலம் வந்து செய்தி சொல் என்றேன். அவள் உடனே தலையாட்டவில்லை.

"கீழ ஸ்டாண்டைக் காட்டக் கூடாது. அதைக் காட்டினா என்னை எதுக்குக் கேக்கப் போறாங்க?"

அந்தப் படத்தை விடுவது எனக்கு ஒரு கையை வெட்டிக் கொடுப்பதுபோல. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி, தம்பி தூங்குகிற வேலைக்கு ஒரு கேமரா எதற்கு என்று கேட்டாள். சரி என்று கேமராவை அறைக்குள் பார்த்துத் திருப்பினேன்.

ஒத்திகைக்கு நாற்காலி போட்டு, விளக்குப் போட்டு உட்கார வைத்தோம். வாயே திறக்கவில்லை. முழித்துப் பார்த்தாள்.

"யாருண்ணே கேக்கறது? கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

பஸ் ஸ்டாண்டில் கூண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அந்த ஜன்னலை வலையோடு, ஓட்டையோடு, முழங்கைப் பலகையோடு கேட்டு வாங்கி, மாடிக்குத் தூக்கிவந்து, கேமராவுக்கு முன்னால் நிறுத்தி ஆணி அடித்தேன். என் கையாலேயே அடித்தேன். இன்றுவரை ஆடவில்லை. அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். முகம் தெளிந்தது.

கேட்க ஆள் வேண்டும். மச்சான் கேமராவை விட்டு நகர முடியாது. மிச்சம் இருந்தது நான்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர எனக்குச் சந்தோஷம். புதுச் சட்டை தைத்தேன். நேரம் போதாததால் முன்பக்கத்துக்கு மட்டும் தலைச்சாயம் பூசிக்கொண்டேன். முதல் நாள் மாலை, ஜன்னல் முன்னால் போய் நின்று, நம் பகுதிப் பெருமக்கள் சார்பாக என்று ஆரம்பித்து, மலையில் கம்பம் ஏற்றிய இடத்துக்கு வந்துகொண்டிருந்தேன்.

"கேள்வியைக் கேளுங்கண்ணே. பின்னாடி ஆளு நிக்குது."

பின்னால் ஒருவரும் கிடையாது. ஆனாலும் நான் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றேன். கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்டேன். மாடி ஏறுமுன் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தாள்.

"போகல. சக்கரம் மாத்தறாங்க. மெதுவா வாங்க, ஓட வேண்டாம்."

ஒரு ஆளுக்கு ஒரு கேள்விதானே, மறுபடி சுற்றி வந்து நின்று, ஆற்றுப்பாலம் எப்படி இருக்கிறது என்றேன். இடிந்துவிட்டது, சுற்றிப் போங்கள் என்றாள். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தே எனக்குத் தொப்பை குறைந்தது. பெரிய இடத்திலிருந்து ஒருமுறை, புது ரோடு போட்டாகிவிட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். நான் கேட்டதும், "பாக்கல. பாத்தா சொல்றேன்" என்றாள். அந்த மாசமே ரோடு போட்டார்கள். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னாள்.

பல வருஷம் இப்படியே ஓடியது. அவள் முகம் தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. மாமியார் மட்டும் கடைசிவரை, சிரித்த மூஞ்சியாக உட்காரச் சொல்லு என்று எனக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

நான் நின்ற இடத்தில் கேமரா என் முதுகுப் பக்கம் இருந்தது. ஆணி அடித்தபின் மாற்ற முடியவில்லை. என் சொந்த டிவியில் என் முகம் ஒருநாளும் வந்ததில்லை. பின்மண்டைதான் வந்தது, அதுவும் சாயம் பூசாத பக்கம். இன்றைக்கும் வெளியூரில் எதிரே வருகிறவர்கள் என்னை யாரோ என்று கடந்து போவார்கள். நாலு எட்டுப் போய்த் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்ததும் கும்பிடுவார்கள். நான் திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டிவிட்டு நடப்பேன்.