பாலுக்குச் சீனி பத்தவில்லை

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இதை எழுதும்போது என் எதிரில் ஒரு பித்தளை லோட்டா இருக்கிறது. விளிம்பு நசுங்கியது. அதில் பால் ஊற்றினால் இன்றைக்கும் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

நான் மூல நட்சத்திரம். பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். மலேயாவில், சுங்கை பாக்காப் ரப்பர்த் தோட்டத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரத்தைக் கேட்டதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் மாமனார் மட்டும் எழவில்லை. கூட வந்தவர்கள் முணுமுணுத்தபோது, “சாகப்போறவன் நான்தானே? எனக்கே பயமில்ல, உங்களுக்கென்ன?” என்றார்.

பயம் முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. அவர் இருமினால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். வேலை முடிந்து வரச் சற்றுப் பொழுதானாலும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். மாமியார் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமனார் கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். மகள் கையால் சாவு என்று சோசியன் சொன்னதைக் கேட்டு, பச்சைப் பிள்ளையைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டுவிடும் ராஜா. அந்தப் பிள்ளை வேறெங்கோ வளர்ந்து, அப்பன் என்று தெரியாமல் அரண்மனைக்கே வேலைக்கு வந்து, எவனோ நஞ்சு கலந்து வைத்த பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். விதி விடவில்லை என்று சனம் அழும். மாமனார் ஒப்புக்கொள்ள மாட்டார். “புள்ளைய வீட்லயே வச்சு வளத்திருந்தா, மோந்து பாத்துட்டுக் குடுத்திருக்கும்லா. தொரத்தினான் பாரு, அங்கதான் செத்தான்” என்பார்.

எனக்குக் கல்யாணமான வருசத் திருவிழாவில், மேடையில் ராஜா குடிக்கிற பாலைக் காய்ச்ச மாமியார் எழுந்தார். “நீ உக்காரு. மருமக காய்ச்சட்டும்” என்றார் மாமனார்.

“வெளையாடாதீங்க. அவ கையால வேணாம்.”

“வீட்ல அவ கையாலதானே திங்கிறேன்?”

காய்ச்சினேன். மோந்து பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்படியும் லோட்டாவை விட்டுக் கை வரவில்லை.

மேடையில் அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். விழுந்தார். லோட்டா உருண்டு வந்து படியில் மோதியது. மங்களம் பாடினார்கள். மங்களம் தொடங்கியதும் செத்த ராஜா எழுந்து கும்பிடுவது வழக்கம். மங்களம் முடிந்தது, அவர் எழவில்லை.

“முழுங்கிட்டியாடி!” என்று மாமியார் என் கொண்டையைப் பற்றினார். கொலைகாரி, கொலைகாரி என்று என் காதுக்குள் கேட்டது.

அப்போது மேடையில் ஒரு கை அசைந்தது. கிரீடம் சரிய எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிச் சத்தமாகச் சொன்னார்: “ஆத்தா, பாலுக்குச் சீனி பத்தல!”

சனம் சிரித்த சிரிப்பில் மாமியாரின் பிடி தளர்ந்தது. ஆனால், கீழே இறங்கி வந்து லோட்டாவை என்னிடம் நீட்டியபோது பார்த்தேன்: அவர் விரல்கள் நடுங்கின. நெஞ்சைப் பிடித்ததா, சும்மா கிடந்தாரா, அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயமில்லை என்றவருக்கும் பயம் இருந்திருக்கிறது, பயந்துகொண்டேதான் குடித்திருக்கிறார்.

அதன் பிறகு என் பிள்ளைகள் நான்கு பேரைத் தோளில் தூக்கிச் சுமந்துவிட்டுத்தான் போனார். அப்போதும் ஒருத்தி, “மூலம் பலிச்சிருச்சு” என்றாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.

இப்போது என் பேத்திக்கு வரன் வருகிறது. அவளும் மூலம். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடலாம் என்று வீட்டில் குசுகுசுக்கிறார்கள். எனக்கும் பழைய பயம் இருக்கத்தான் செய்கிறது. இருந்தும் லோட்டாவைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன், அவள் கொண்டுபோக.

வா கண்ணு, பக்கத்துல உக்காரு. நான் எழுதினத வாசி. நட்சத்திரம் வர்ற எடத்துல மட்டும் கொரல எறக்காத.