தண்ணீருக்குக் குறைவில்லாத வயல்

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நிலத்தரகர்கள் பதிவு ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது பேர். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. நான் கணக்கு வாத்தியார். அந்த ஒன்பது பேரில் எவர் வாங்குகிறவனுக்கு ஆள், எவர் விற்கிறவனுக்கு ஆள் என்பதை மட்டும் என்னால் ஒருநாளும் பிரிக்க முடிந்ததில்லை.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். என் அக்காவை வள்ளியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தான் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காய்ச்சல் கண்டு பாதி உடம்பாகத் திரும்பிவிட்டார். கொண்டுவந்ததைப் போட்டு ஆற்றுப் பாசனத்தில் ஒரு வயல் வாங்கிவிட்டால் மறுபடி கப்பல் ஏற வேண்டாம், மூன்று பிள்ளைகளையும் வளர்த்துவிடலாம் என்பது இருவருடைய எண்ணமும்.

சித்திரையில் ஒரு தரகர் வயலைக் காட்டினார். அத்தான் கேட்டது ஒரே கேள்வி.

"தண்ணி எப்படி?"

"தண்ணிக்குக் குறைவே கிடையாது அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன்."

வள்ளியூர்க்காரருக்கு அது போதும். கிணறு வெட்டிப் பாறையைக் கண்டே பழகியவர்கள் அவர்கள். தண்ணீர் உண்டா என்று கேட்பார்கள். அதிகமாகிவிடுமோ என்று கேட்க அவர்களுக்குத் தோன்றாது. பத்திரம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

கார்த்திகையில் குளம் பெருகியது. வயல் இருந்தது குளத்தின் உள்வாயில். அதாவது கரைக்கு உட்புறம், குளம் நிறைந்தால் தண்ணீர் நிற்கிற இடம். கோடையில் பார்த்தால் மற்ற வயல்களைப் போலத்தான் இருக்கும், வரப்புகூட உண்டு. இப்போது நட்ட பயிருக்கு மேல் ஆள் உயரத் தண்ணீர். வரப்போரத்து நாலு உடைமரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அத்தான் கரையில் நின்று, "என் வயலு எங்கன இருக்குன்னு காட்டு மாப்ளே" என்றார். நான் மரங்களை நோக்கிக் கையை நீட்டிவிட்டு இறக்கிக்கொண்டேன்.

தரகரிடம் போனேன்.

"ஏன்வே, உள்வாய்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அவரு கேக்கலியே சார்வாள். தண்ணிக்குக் குறைவில்லைன்னேன். இப்பம் என்ன, குறைவாவா இருக்கு?"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. நான் விடவில்லை. யாரிடம் தரகு வாங்குகிறீர்கள் என்பதை இரண்டு பக்கத்தாருக்கும் சொல்லிவிடுங்கள், வயலைக் கோடையில் ஒரு தடவையும் மழையில் ஒரு தடவையும் காட்டுங்கள், உள்வாய் என்றால் உள்வாய் என்றே சொல்லுங்கள், ஒன்பது பேரும் கூடி இப்படி ஒரு முறை வைத்துக்கொண்டால் உங்களுக்கும் மரியாதைதானே என்றேன்.

"ரெண்டு பக்கமும் வாங்குதோம்னு சொன்னா ரெண்டு பேருமே தரமாட்டான்" என்றார் ஒருவர்.

"மழையில காட்டவா? ஓடம் யாருவே கொண்டாருவா?" என்றார் இன்னொருவர்.

எங்கள் தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பிள்ளையச் சேக்க வாரவன்கிட்ட நீரு பிரம்பைக் காட்டிட்டா சேக்குதீரு சார்வாள்?" என்றார்.

ஆபீஸுக்குள் போய்க் குமாஸ்தாவிடம் முறையிட்டேன். கையெழுத்துப் போடுகிறவன் பத்திரத்தில் பேர் உள்ள ஆள்தானா என்று பார்ப்பதுதான் தங்கள் வேலை, வயல் முழுகுமா என்று பார்ப்பதல்ல என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம்.

பங்குனியில் குளம் வற்றியது. அதே தரகர் அந்த வயலை விற்றுத் தருவதாக வந்து, ஓர் ஆளையும் கூட்டிவந்தார். அவரும் மேட்டு நிலத்துக்காரர். ஆற்றங்கரைக்காரன் ஒருவனைக்கூட அந்தத் தரகர் அங்கே கூட்டிவந்ததில்லை.

அக்கா என்னைத் தனியே அழைத்து, "தம்பி, நீ ஒண்ணும் பேசிராத. திரும்பக் கப்பல் ஏறினா உங்க அத்தான் உயிரோட வரமாட்டாரு" என்றாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்த மனிதர் வரப்பில் தனியாக நின்று மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா, இது உள்வாய். கார்த்திகையில் ஒருதரம் வந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விலையக் குறைச்சு நீரு வாங்கப் பாக்கீரா? இல்ல, வேற எவனுக்கும் தரகா?"

"நான் வாத்தியார்."

"வாத்தியாருக்கு வயக்காட்டுல என்னவே சோலி?"

நேரே தரகரிடம் போய் அதைச் சொன்னார். தரகருக்குக் கோபம்கூட வரவில்லை. "அவரா? எங்க மரத்தடியில இடம் கேட்டாரு. நாங்க கொடுக்கல" என்றார்.

அன்றைக்கே பத்திரம் முடிந்தது. அத்தான் இனிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. நான் பேசியது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் என் பக்கம் திரும்பாமலே நின்றாள். வாங்கினவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, "கை நழுவிப் போச்சோவே?" என்று சிரித்தார்.

அத்தானுக்கு அது கேட்டது. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நெடுநேரம் நிமிரவே இல்லை.