கும்மிக்குப் பின்னால் வந்த வயலின்கள்

காளீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பில் போடுகிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும்போது காதில் ஹெட்போன் இருக்கும். சினிமாப் பாட்டு என்றுதான் கூட வருகிறவர்கள் நினைத்தார்கள். உண்மையில், அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தெருப் பெண்கள் பாடும் கும்மி மெட்டை ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா வாசிப்பதாக அவளே லேப்டாப்பில் கட்டிய இசை அது. வயலின், டிரம்பெட் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். கையால் தொட்டு வாசிக்க இருந்தது ஒரு சின்னக் கீபோர்டு மட்டும்.

இந்த வருஷம் முளைப்பாரிக் கும்மிக்கு அதையே போடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டிருந்தாள். கோயில் கமிட்டித் தலைவர் சமுத்திரம் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஒத்திகையில் பெண்கள் அதற்குத் தடங்கலில்லாமல் ஆட வேண்டும். இல்லையென்றால் வழக்கமான வாடகை மைக் செட்டுப் பாட்டுதான்.

சாயங்காலம் கோயில் திடலில் காளீஸ்வரி லேப்டாப்பை ஸ்பீக்கரில் மாட்டி இசையை ஓடவிட்டாள். கும்மிக்கு முன்பாட்டுப் பாடும் இருளம்மாள் பாட்டெடுக்க, வட்டம் நகர்ந்தது. முதல் சுற்று பொருந்தியது. கும்மி சூடேறச் சூடேற வேகம் கூடும். காளீஸ்வரியோ மெட்டைக் கடைசிவரை ஒரே வேகத்தில் பூட்டியிருந்தாள். சின்ன வயதிலிருந்து அந்த வட்டத்தில் ஆடியவள்தான். ஆனால் லேப்டாப் திரையில் தாளக் கோடுகள் சீராக நிற்கும் அழகில் அது மறந்துபோனது. கைத்தட்டு ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். ஒருத்தி மேல் ஒருத்தி இடித்து, சிரிப்பில் வட்டம் உடைந்தது.

"ஏட்டி காளி, ஒன் வயலின்காரனுவ சோறு திங்காம வந்தானுவளா?" என்றாள் இருளம்மாள்.

"நீங்கதான் ஓடுதீய சித்தி."

"கும்மின்னா ஓடத்தான் செய்யும். பொறவு, நின்னுக்கிட்டா அடிக்க?"

சமுத்திரம் மைக் செட்டுக்காரரைக் கூப்பிட செல்போனை எடுத்தார்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே."

காளீஸ்வரி வயலின்களை அணைத்தாள். புல்லாங்குழலை அணைத்தாள். டிரம்பெட் வரும்போது மட்டும் கை தயங்கியது; மாதக்கணக்கில் இழைத்த இடம் அது. அதையும் அணைத்தாள். பெரிய வயலின் போல அடிக்குரலில் முனகும் செல்லோவின் ஒலியை மட்டும் கையால் வாசிக்க விட்டுவைத்து, கீபோர்டை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பாடுங்க சித்தி. நான் பின்னாடி வாரேன்."

இருளம்மாள் மூச்சு வாங்கிய இடத்தில் காளீஸ்வரியின் விரல் கட்டையிலிருந்து எழுந்தது. கைத்தட்டு வேகமாக நெருங்கியபோது சுரமும் குறுகியது. இரண்டு இடத்தில் தப்பாக அழுத்தினாள். பெண்கள் யாரும் நிற்கவில்லை. வட்டம் சுருங்கி விரிந்து சுற்றிக்கொண்டே இருந்தது.

சமுத்திரம் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்பீக்கர் பக்கம் போய், சத்தத்தைக் கூட்டவா என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. ஆடுறவியளுக்குக் கேட்டாப் போதும்."

விரல் கடுத்தது. மாற்று விரலை வைப்பதற்குள் இருளம்மாள் பாட்டின் அடுத்த அடியை எடுத்துவிட்டாள். காளீஸ்வரி அதன் பின்னாலேயே போனாள்.