மாமனார் கூப்பிட்ட பெயர்

நான் பாளையங்கோட்டைக்காரி. காதலித்துக் கைப்பிடித்தவர் தெலுங்கர். கொண்டாப்பூரில் எங்களோடு இருக்கும் என் மாமனார் ரயில்வேயில் இருந்தவர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் தமிழர்களுக்கு நடுவே பல வருடம் வாழ்ந்ததால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். இடையிடையே தெலுங்கு எட்டிப் பார்க்கும்.

எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை கடவுளின் பெயரைப் பற்றியது. அவருடைய தெலுங்கு வேதாகமத்தில் 'யெகோவா' என்று வரும் இடத்தில் என் தமிழ் வேதாகமத்தில் 'கர்த்தர்' என்று இருக்கும். மாலை ஜெபத்தில் ஒரே சங்கீதத்தை அவரவர் மொழியில் வாசிப்போம். முடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"கர்த்தர்ன்றது பேரு காதம்மா, பேரே இல்ல, போஸ்ட்டு. ஸ்டேஷன் மாஸ்டரை மாஸ்டர்னு கூப்பிட்டா அது அவர் பேரா? உங்க ஆளுங்க பேரை எங்க ஒளிச்சு வச்சாங்க?"

விடுவேனா? ஒரு வாரம் ஆபீஸ் வண்டியில் வரப் போக, போனில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சனிக்கிழமை டீயோடு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"மாமய்யா, எபிரேயத்துல அந்தப் பேருக்கு நாலே எழுத்து. உயிரெழுத்து எழுத மாட்டாங்க. பயபக்தியில யூதர்கள் அதை வாயால சொல்றதையே விட்டுட்டாங்க. அந்த இடம் வந்தா 'ஆண்டவர்'னு வாசிப்பாங்க. எங்க கர்த்தர் அந்த வழியில வந்தது. பிறகு அந்த ஆண்டவர்ங்கிற சொல்லோட உயிர்க்குறிகளை இந்த நாலு எழுத்து மேல போட்டாங்க. ரெண்டையும் சேர்த்து வாசிச்சவங்கதான் யெகோவான்னு சொல்ல ஆரம்பிச்சது. நிஜமான உச்சரிப்பு யாருக்கும் நிச்சயமாத் தெரியாதாம்."

ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவர் முகம் வாடிப் போயிற்று. டீயைத் தொடாமல் எழுந்து அறைக்குள் போய்விட்டார். தினமும் நெஞ்சில் கைவைத்துக் கூப்பிட்ட பெயர் அல்லவா!

மறுநாள் காலை அவரே சமையலறைக்கு வந்தார்.

"மனவடு பொறந்தப்போ, மூச்சு விடலன்னு டாக்டர் கையை விரிச்சாரு. அன்னிக்கு யெகோவான்னுதான் கத்தினேன். தப்பான பேருன்னு அவர் வராம இருந்தாரா?"

மனவடு என்றால் பேரன். என் மகன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்தாரு மாமய்யா."

"சரி. அந்தப் பேருக்கு அர்த்தமாவது தெரியுமா?"

"எரியிற முட்செடிகிட்ட மோசே பேரைக் கேட்டாரில்லையா? அதுக்கு வந்த பதில்தான். 'இருக்கிறேன்'னும் சொல்லலாம், 'இருப்பேன்'னும் சொல்லலாம். கூடவே இருப்பேன்னு அதுக்குக் கொஞ்சம் முன்னாடி சொன்னதும் இதே சொல்தான்."

"இருப்பேன்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போது குண்டூரிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார். மழை, முழங்கால் வலி, மிளகாய் விலை எல்லாம் பேசி, கடைசியில் எல்லாத் தெலுங்கரும் போனை வைக்கும்போது சொல்வதைச் சொன்னார்: "உண்ட்டானு."

மாமனார் போனையே பார்த்தபடி நின்றார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உண்ட்டானு என்றால் 'போய்வருகிறேன்' மாதிரி. ஆனால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இருப்பேன்'.

"பேரை நாங்களும் ஒளிச்சுதான் வச்சிருக்கோம்மா, போன்ல!"

உடனே அக்காவைத் திரும்ப அழைத்து விளக்கினார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று அக்கா பாதியிலேயே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மெட்டுகுடா சபையில், சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று இதையே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், பாஸ்டர் உட்பட. திரும்பும் வழியில் காருக்குள் கேட்டார்.

"எல்லாம் சிரிச்சாங்களே, தப்பாப் பேசிட்டேனாம்மா?"

"இல்ல மாமய்யா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு."

முன்சீட்டிலிருந்து கையைப் பின்னால் நீட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு வண்டி ஓட்டிய என் கணவரிடம், வழியில் நிறுத்தி எல்லோருக்கும் பிரியாணி வாங்கச் சொன்னார்.